டவர் எடுக்காத வீட்டிலிருந்து தேர்வு தொடங்கட்டும்

2024 டிசம்பர் 2 காலையோடு முடிந்த 24 மணி நேரத்தில் ஊத்தங்கரையில் பதிவான மழை 50 சென்டிமீட்டர். கரையைக் கடந்து வலுவிழந்த பிறகு ஃபெஞ்சல் புயல் காட்டிய கைவரிசை அது. சாலையோரம் நிறுத்தியிருந்த வேன்களும் கார்களும் வெள்ளத்தில் உருண்டு ஏரிப் பக்கம் போன காட்சியை நாடே தொலைக்காட்சியில் பார்த்தது. போச்சம்பள்ளியிலும் தண்ணீர் புகுந்தது.

இப்படிப்பட்ட மழைக் காலத்தில் ஆட்சியர் விடுமுறை அறிவித்த சூட்டோடு, “வகுப்புகள் ஆன்லைனில் நடக்கும்” என்று வாட்ஸ்அப் குழுவில் லிங்க் வந்து விழுவது பல கல்லூரிகளில் வாடிக்கையாகிவிட்டது. மழை என்றால் லிங்க். தேர்தல் வேலைக்குக் கட்டடத்தை எடுத்துக்கொண்டால் லிங்க். பாடம் முடியவில்லை என்றால் ஞாயிற்றுக்கிழமை ஒரு லிங்க். 2024 நவம்பரில் காற்று மாசு எல்லை மீறியபோது டெல்லிப் பல்கலைக்கழகமும் ஜவாஹர்லால் நேரு பல்கலைக்கழகமும் சில நாள் இணைய வகுப்புக்கு மாறின. பெருந்தொற்றோடு ஒழிந்தது என்று நினைத்த சங்கதி, கல்லூரிக் கால அட்டவணையில் ஓர் ஓரமாக இடம்பிடித்து உட்கார்ந்துவிட்டது.

ஆனால், எந்தக் கருவியில் வகுப்பெடுப்பது என்று முடிவு செய்யும் முறை மட்டும் 2020 மார்ச்சில் அவசரத்துக்கு எப்படி நடந்ததோ அப்படியே இருக்கிறது. ஏற்கெனவே ஒருவர் பழகியிருக்கிறார், இலவசமாகக் கிடைக்கிறது, பக்கத்துக் கல்லூரியிலும் அதுதான், முடிந்தது தேர்வு. கொஞ்சம் வசதியான தனியார் கல்லூரி என்றால் முதல்வர் அறையில், ஃபைபர் இணைப்பில், விற்பனைப் பிரதிநிதியின் செயல்விளக்கம் ஒன்று கூடுதலாக நடக்கும். அந்த அறையில் எந்தக் கருவியும் வெண்ணெயாக ஓடும். செயல்விளக்கத்தை நாகரசம்பட்டியில் நடத்தச் சொல்ல வேண்டும் என்பதுதான் என் கட்சி.

காவேரிப்பட்டணத்துக்கும் போச்சம்பள்ளிக்கும் இடைப்பட்ட பேரூராட்சி நாகரசம்பட்டி. மாந்தோப்பும் தென்னையும் சூழ்ந்த ஊர்ப்பக்கம். இங்கிருந்து படிக்கப் போகிறவர்களுக்குப் பெரும்பாலும் கிருஷ்ணகிரி அரசு ஆடவர் கலைக் கல்லூரி, அரசு மகளிர் கலைக் கல்லூரி. மதிப்பெண் நன்றாக இருந்தால் பர்கூர் அரசு பொறியியல் கல்லூரி. அண்ணனோ அக்காவோ போச்சம்பள்ளி சிப்காட்டுக்கோ ஓசூருக்கோ ‘கம்பெனி பஸ்’ ஏறுகிறவராக இருப்பார். டவரே இல்லாத ஊர் என்று யாரும் சொல்லிவிட முடியாது. இந்த வட்டாரத்தின் எந்த ஊரையும் போலக் கடைத்தெருவில் நின்றால் சினிமாப் பாட்டு தடங்கலில்லாமல் ஓடும். தோப்புக்குள் இருக்கும் வீட்டுக்கு நடந்தால் ஒவ்வொரு கோடாகக் குறையும். வீட்டுக்குள் நுழைந்தால் இன்னும் ஒன்று குறையும். ராத்திரி ஏழு, எட்டு மணிக்கு ஊரே போனைத் திறக்கும்போது, கோடு நிறைய இருந்தும் படம் சுற்றிக்கொண்டே நிற்கும். இந்த வீட்டில் இருக்கும் மாணவிக்கு எது ஓடுமோ அதுவே கல்லூரிக்கான கருவி. மற்ற சிறப்பம்சங்கள் எல்லாம் அதற்குப் பிறகு.

ஒரு ஜிபி முகம்

ஜூம் நிறுவனம் தன் பயனர்களுக்கு வெளியிட்டிருக்கும் அலைவரிசைக் கணக்கையே எடுத்துக்கொள்வோம். கூட்டமாகச் சேரும் அழைப்பில் நல்ல தரமான வீடியோவுக்கு நொடிக்கு 600 கிலோபிட் வேண்டும். இன்னும் துல்லியமான வீடியோவுக்கு அது போல மூன்று மடங்கு. குரல் மட்டும் என்றால் 60 முதல் 80 கிலோபிட். முகம் இல்லாமல் திரையை மட்டும் பகிர்ந்தால் 50 முதல் 75. இதை மணிக்கணக்கில் மாற்றிப் பார்த்தால், 600 கிலோபிட் வீடியோ மணிக்கு சுமார் 270 எம்பியைத் தின்னும். குரலும் திரையும் மட்டும் ஓடினால் இரண்டும் சேர்ந்தே 70 எம்பிதான். நாளைக்கு ஐந்து மணி நேர வகுப்பென்று வைத்தால் முதல் வகையில் 1,350 எம்பி, இரண்டாம் வகையில் 350 எம்பி. ஆசிரியரின் முகம் தெரிய வேண்டும் என்பதற்காக மாணவர் கொடுக்கும் விலை நாளொன்றுக்கு ஒரு ஜிபி. நம் பிள்ளைகளில் பலர் போடும் ரீசார்ஜோ நாளைக்கு ஒன்றரை ஜிபி. அந்த ஒன்றரையிலும் ஹாட்ஸ்பாட் போட்டுத் தம்பிக்கும் பங்கு தர வேண்டும்.

இதையெல்லாம் எந்த விற்பனைப் பிரதிநிதியும் சொல்ல மாட்டார்; குறையாகவும் சொல்ல முடியாது, அது அவர் வேலை அல்ல. ஆனால் கல்லூரியின் வேலை. இந்தக் கருவிகளில் பெரும்பாலானவற்றில் வழங்கி செய்வது ஒரே காரியம்தான்: ஒவ்வொருவர் படத்தையும் வாங்கி மற்றவர்களுக்கு அனுப்புகிறது. வகுப்பில் பத்துப் பேர் கேமராவைத் திறந்தால் அந்தச் சுமை எல்லாரையும்விடப் பலவீனமான இணைப்பில் இருக்கிறவர் மேல்தான் முதலில் இறங்கும். அலைவரிசை போதாதபோது படத்தின் தரத்தைத் தானாகக் குறைத்து, குரலை மட்டும் காப்பாற்றும் திறமை ஒவ்வொரு கருவியிலும் ஒவ்வொரு அளவில் இருக்கிறது. கட்டண விவரத்தைவிட இதைத்தான் முதலில் கேட்க வேண்டும். பதில் காகிதத்தில் கிடைக்காது. மூன்று ஜிபி ரேம் உள்ள பழைய ஆண்ட்ராய்டு போனில், ராத்திரி எட்டு மணிக்கு, வீட்டுக்குள் உட்கார்ந்து ஒரு மணி நேரம் ஓட்டிப் பார்த்தால்தான் கிடைக்கும். பேட்டரி எவ்வளவு இறங்கியது, போன் எவ்வளவு சுட்டது என்பதையும் அப்போதே குறித்துக்கொள்ளலாம்.

வீட்டு நிலவரத்தை நாம் மறந்துவிடக் கூடாது என்பதற்காக ஒரு புள்ளிவிவரம். பெருந்தொற்றுக்குச் சற்று முன்பு, 2017-18இல் எடுக்கப்பட்ட தேசிய மாதிரி ஆய்வின் 75ஆவது சுற்றில், இந்தியக் கிராமப்புறக் குடும்பங்களில் கணினி இருந்தது 4.4 சதவீதத்தில், இணைய வசதி இருந்தது 14.9 சதவீதத்தில். அதன் பிறகு போன்கள் பெருகிவிட்டன, உண்மை. பெருகியது போன், மேசையும் கதவு சாத்திய அறையும் பெருகவில்லை.

வணிகவியல் வகுப்பொன்று இப்படித்தான் ஒலிக்கும். கரும்பலகைக்கு எதிரே நாற்காலி முதுகில் கட்டிய போன். சார் பேரேட்டுக் கணக்குப் போடுகிறார். “சார், வாய்ஸ் விட்டு விட்டு வருது சார்.” “போர்டுல லைட் அடிக்குது சார், ஒண்ணும் தெரியல.” “சார், நீங்க ம்யூட்ல இருக்கீங்க.” யாரோ மைக்கை மூட மறந்ததில் அவர் வீட்டு அம்மாவின் குரல் அறுபது வீட்டுக்கும் கேட்கிறது: “பாப்பா, தண்ணி வந்துருச்சு, குடத்த எடு.” சிரிப்பு. அந்தப் பெண் சட்டென்று வெளியேறிவிடுகிறாள். அன்றைக்குத் திரும்ப வரவில்லை. அதே வகுப்பில், வகுப்பறைக்குள் வருடக்கணக்கில் வாய் திறக்காத இன்னொருத்தி சாட்டில் தட்டுகிறாள்: “சார், தேய்மானத்த லாப நட்டக் கணக்குலயும் காட்டுறோம், பேலன்ஸ் ஷீட்லயும் கழிக்கிறோம். ரெண்டு வாட்டி ஏன் சார்?” முதலாண்டு மாணவர்களில் பாதிப் பேர் மனதில் இருக்கும் சந்தேகம் அது. முதல் பெஞ்சுக்காரன் கேட்க மாட்டான், கடைசி பெஞ்சுக்காரனுக்குக் கேட்கத் தைரியம் வராது.

இணைய வகுப்பில் உருப்படியாகக் கிடைத்த லாபம் என்று நான் கருதுவது இந்தச் சாட் பெட்டியைத்தான். கூச்சம் கொண்டவருக்கு அது ஒரு வாய். தட்டிய கேள்விக்கு அலைவரிசையும் அதிகம் வேண்டாம். ஓசூர், தளி, தேன்கனிக்கோட்டைப் பக்கத்து வகுப்புகளில் வீட்டில் தெலுங்கும் கன்னடமும் பேசுகிற பிள்ளைகள் ஏராளம். குரல் விட்டு விட்டு வரும்போது, தாய்மொழியில் கேட்கிறவர் விட்டுப்போன சொல்லை ஊகித்துவிடுவார். இரண்டாம் மொழியில் கேட்கிறவருக்கு அந்த வாக்கியமே போய்விடும். அவர்களுக்கும் எழுத்தில் வருவது பெரிய உதவி. ஆனால் பல ஆசிரியர்கள் சாட்டைத் தொந்தரவு என்று பூட்டிவைக்கிறார்கள்.

இலவசத்தின் ஆயுள்

2019 டிசம்பரில் ஜூம் கூட்டங்களில் நாளொன்றுக்குச் சேர்ந்தவர்கள் எண்ணிக்கை ஒரு கோடி. 2020 ஏப்ரலில் அது 30 கோடி. உலகம் முழுக்க வகுப்பறைகள் ஒரே மாதத்தில் ஒரு நிறுவனத்தின் வாசலில் போய் நின்றன. அழையாத விருந்தாளிகள் வகுப்புக்குள் நுழைந்து ஆபாசம் காட்டியது அந்த நாட்களில்தான். 2020 ஏப்ரல் 16 அன்று மத்திய உள்துறை அமைச்சகம், ஜூம் பாதுகாப்பான தளம் அல்ல, அரசு அலுவல் வேலைகளுக்குப் பயன்படுத்தக் கூடாது என்று அறிவுரை வெளியிட்டது. டொரன்டோவின் சிட்டிசன் லேப் ஆய்வாளர்கள் சில அழைப்புகளின் குறியாக்கச் சாவிகள் சீனாவில் உள்ள வழங்கிகள் வழியே போனதைக் கண்டுபிடித்தார்கள். ஜூம் அவசரமாகக் கடவுச்சொல்லையும் காத்திருப்பு அறையையும் இயல்புநிலை ஆக்கியது. இன்று அந்தக் கருவி அன்றைய கருவி அல்ல. இந்தப் பழைய கதையைச் சொல்லி இன்றும் பயமுறுத்த வேண்டியதில்லை. ஆனால் அரசு “வேண்டாம்” என்று சொன்ன அதே வாரங்களில், அரசுக் கல்லூரி ஆசிரியர்கள் பலர் அதிலேயே வகுப்பெடுத்துக்கொண்டிருந்தார்கள். மாற்றாக எதையும் அவர்கள் கையில் யாரும் கொடுத்திருக்கவில்லை.

இலவசம் என்று பழக்கிவிட்டுப் பிறகு ஒவ்வொரு கதவாகச் சாத்துவது எல்லா நிறுவனங்களும் செய்ததுதான். ஜூமின் இலவசக் கணக்கில் கூட்டத்துக்கு 40 நிமிடம்தான். ஐம்பது நிமிடப் பீரியடில் முக்கியமான இடத்தில் அறுந்துபோகும். கூகுள் மீட் 2020 மே மாதம் எல்லாருக்கும் இலவசமாகத் திறந்தது. பெருந்தொற்றுச் சலுகை முடிந்ததும் சாதாரணக் கணக்குகளின் குழு அழைப்புக்கு ஒரு மணி நேர வரம்பு வந்தது. கல்வி நிறுவனங்களுக்கான இலவசக் கணக்கில் முதலில் கிடைத்த பதிவு செய்யும் வசதி கட்டணத் திட்டங்களுக்கு நகர்ந்தது. அளவில்லாத சேமிப்பு என்றது, 2022இல் ஒரு நிறுவனத்துக்கு மொத்தமாக 100 டிபி என்று சுருங்கியது. ஸ்கைப் 2025 மே மாதம் கடையையே மூடிவிட்டது.

இதில் அடிபட்டது யார்? பாடங்களைப் பதிவு செய்து தங்கள் சொந்தக் கணக்கில் வைத்திருந்த ஆசிரியர்களும், அவற்றை நம்பியிருந்த மாணவர்களும். கௌரவ விரிவுரையாளர் ஒருவர் வேறு கல்லூரிக்குப் போனால் அவரோடு மூன்று பருவத்துப் பாடமும் போய்விடும். வகுப்புக்கு எந்தக் கருவியைப் பயன்படுத்தினாலும், பதிவான பாடம் கல்லூரியின் சொந்த இடத்தில், சாதாரணக் கோப்பாக இருக்க வேண்டும். கருவி மாறலாம்; கோப்பு இருக்கும். செலவே இல்லாத இந்த ஏற்பாட்டைப் பல கல்லூரிகள் இன்னும் செய்யவில்லை.

இலங்கை செய்தது, நாம் செய்யாதது

இலங்கையின் பல்கலைக்கழகங்களை இணைக்கும் ‘லேர்ன்’ என்றொரு கல்வி, ஆராய்ச்சி வலையமைப்பு உண்டு. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகமும் கிழக்குப் பல்கலைக்கழகமும் அதில் அங்கம். 2020இல் வளாகங்கள் மூடப்பட்டபோது அந்த வலையமைப்பு ஜூம் வழங்கிகளைத் தன்னிடமே நிறுவி எல்லா அரசுப் பல்கலைக்கழகங்களுக்கும் திறந்துவிட்டது. அங்குள்ள தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமும் செல்பேசி நிறுவனங்களும் ஒத்துழைத்ததில், மாணவர்கள் அந்த வழியாக வகுப்பில் சேர்ந்தால் டேட்டாவுக்குக் காசு கிடையாது. எந்தச் செயலி என்று மண்டையை உடைத்துக்கொள்வதைவிட, எந்த வழியாகப் போகிறது, யார் காசு என்பதை அங்கே முதலில் தீர்த்தார்கள். மட்டக்களப்புக் கிராமத்து மாணவரும் கொழும்பு மாணவரும் அந்த ஒரு விஷயத்திலாவது சமமாக உட்கார்ந்தார்கள்.

இந்தியாவில் இதை அப்படியே செய்ய ஒரு தடை உண்டு. ஒரு தளத்துக்கு மட்டும் இலவச டேட்டா, மற்றவற்றுக்குக் கட்டணம் என்ற பாகுபாட்டை 2016 பிப்ரவரி 8 அன்று இந்தியத் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான ட்ராய் தடை செய்தது. முகநூல் நிறுவனத்தின் ‘ஃப்ரீ பேசிக்ஸ்’ திட்டத்துக்கு முற்றுப்புள்ளி வைத்த விதி அது. அது சரியான விதி என்றே நினைக்கிறேன். ஆனால் அதே விதியில் நெருக்கடிக் காலத்துக்கு விலக்கு இருக்கிறது. பெருந்தொற்றைவிடப் பெரிய நெருக்கடி எது? ஒரு மாநிலப் பல்கலைக்கழகத்தின் வழங்கிக்கு மட்டுமாவது அந்த விலக்கைப் பயன்படுத்தியிருக்கலாம். தமிழ்நாடு வேறு வழியைத் தேர்ந்தெடுத்தது. அரசு, அரசு உதவி பெறும் கல்லூரி மாணவர்கள் 9.69 லட்சம் பேருக்கு 2021 ஜனவரி முதல் ஏப்ரல் வரை நாளொன்றுக்கு 2 ஜிபி டேட்டா கார்டு இலவசம் என்று அந்த ஜனவரியில் அன்றைய முதல்வர் எடப்பாடி பழனிசாமி அறிவித்தார். மனம் நல்ல மனம், காலம்தான் இடித்தது. இணைய வகுப்பு தொடங்கி ஏறக்குறைய ஒன்பது மாதம் கழித்து வந்த அறிவிப்பு. பிப்ரவரி 8இல் எல்லா ஆண்டு மாணவர்களுக்கும் கல்லூரிகள் திறந்தன. மார்ச் இறுதியில் இரண்டாம் அலைக்கு மறுபடி மூடின. பிள்ளைகள் வகுப்பறையில் இருந்த வாரங்களில் கார்டு பையில் கிடந்தது. ஏப்ரலோடு திட்டக் காலம் முடிந்தபோது அவர்கள் வீட்டில் இருந்தார்கள். தங்கள் டேட்டாவில் வகுப்பெடுத்த கௌரவ விரிவுரையாளர்களை அந்தக் கணக்கில் யாரும் சேர்க்கவே இல்லை.

அடுத்த நெருக்கடிக்கு இப்போதே செய்துவைக்கக்கூடிய காரியம் ஒன்று இருக்கிறது. கனடாவில் ஒட்டாவா நகரத்துக் கார்ல்டன் பல்கலைக்கழகத்தில் 2007இல் தொடங்கிய திறமூலக் கருவி ‘பிக்ப்ளூபட்டன்’. வகுப்பெடுக்கவென்றே செய்தது, அலுவலகக் கூட்டத்துக்குச் செய்ததை வகுப்புக்கு வளைத்தது இல்லை. செயலி எதையும் நிறுவ வேண்டாம், உலாவியிலேயே திறக்கும். ஆசிரியர் ஏற்றும் ஸ்லைடு வீடியோவாக ஓடாமல் பக்கம் பக்கமாக மாணவர் போனுக்குப் போகிறது. அதன் மேல் ஆசிரியர் இழுக்கும் கோடு மட்டும் தனியே போகிறது. பேரேட்டுக் கணக்கை இதில் போட்டால் பலகை வெளிச்சம் அடிக்காது, டேட்டாவும் பெரிதாகக் கரையாது. பல கல்லூரிகள் ஏற்கெனவே வைத்திருக்கும் ‘மூடில்’ கற்றல் தளத்தில் 2022 முதல் இது உள்ளேயே இணைந்து வருகிறது. எமில் இவோவ் ஸ்ட்ராஸ்பர்க்கில் மாணவராக இருந்தபோது தொடங்கிய ‘ஜிட்சி’யும் இதே போலத் திறமூலம்தான், பத்துப் பதினைந்து பேர் சந்தேகம் கேட்கும் கூட்டத்துக்கு அது போதும்.

இலவச மென்பொருள் என்றால் செலவே இல்லை என்று அர்த்தமாகாது. பிக்ப்ளூபட்டன் வழங்கிக்குக் குறைந்தது 8 கோர், 16 ஜிபி நினைவகம், நல்ல கனமான இணைப்பு, எல்லாவற்றுக்கும் மேலாக அதைக் கவனித்துக்கொள்ள ஓர் ஆள் வேண்டும். கிருஷ்ணகிரி கலைக் கல்லூரி தனியாக இதைச் சுமக்க முடியாது, சுமக்கவும் கூடாது. ஆய்வகத்துக்குக் கணினி கேட்டே களைத்துப்போன துறைத் தலைவர்களிடம் வழங்கியைப் பராமரிக்கச் சொல்வது கொடுமை. கிருஷ்ணகிரி, தருமபுரி, நாமக்கல், சேலம் மாவட்டக் கலை அறிவியல் கல்லூரிகளை இணைத்துக்கொண்டிருக்கும் பெரியார் பல்கலைக்கழகம் ஒரே இடத்தில் நடத்த வேண்டிய வேலை இது. தேர்வுக் கட்டணம் வாங்குவதற்கும் முடிவு வெளியிடுவதற்கும் ஒரே அமைப்பு இருக்க முடிகிறபோது வகுப்பெடுப்பதற்கும் இருக்கலாம். சொந்தமாக நடத்தத் தெம்பில்லை என்றால், சென்னை ஸோஹோவின் ‘ஸோஹோ மீட்டிங்’, மத்திய அரசின் போட்டியில் 2020இல் வென்ற கேரளத்து டெக்ஜென்ஷியாவின் ‘விகன்சோல்’ போன்றவற்றிடம் மொத்தமாகப் பேரம் பேசலாம். உள்நாடு என்பதற்காக வாங்க வேண்டும் என்று சொல்ல மாட்டேன். நாகரசம்பட்டிச் சோதனையில் அவையும் தேற வேண்டும்.

நேரலை எதற்கு?

கருவியைப் பற்றி இவ்வளவு பேசினாலும், நேரலை வகுப்பே பல சமயம் தேவையில்லை. இந்த எல்லைத் தொழிற்பட்டியில் படிப்போடு வேலைக்கும் போகிற மாணவர்கள் கணிசம். சிப்காட் ஷிப்ட், செருப்புக் கம்பெனி, மாங்கூழ்த் தொழிற்சாலை, பருவத்துக்கு மாங்காய் மண்டி. ராத்திரி ஷிப்ட் முடித்துக் காலை கம்பெனி பஸ்ஸில் உட்கார்ந்து வருகிறவனிடம் பத்து மணிக்கு லைவ் வா என்றால், அவன் லிங்க்கைத் திறந்து போனைத் தலையணைக்கு அடியில் வைத்துவிட்டுத் தூங்குவான். வருகைப் பதிவேட்டில் அவன் இருப்பான். ஆசிரியருக்கும் தெரியும், அவனுக்கும் தெரியும். நேரலைக் கருவியை நாம் பாதி நேரம் வருகைப் பதிவு இயந்திரமாகத்தான் பயன்படுத்துகிறோம்.

அதே பாடத்தை இருபது நிமிடப் பேச்சாக, குரல் தெளிவாகக் கேட்கும் அளவுக்கு 32 கிலோபிட்டில் பதிந்தால் ஐந்து எம்பிக்குள் அடங்கிவிடும். கூடவே கையால் எழுதிய நான்கு பக்கத்தின் படம். பஸ்ஸில் கேட்கலாம், விட்ட இடத்தைத் திருப்பிப் போடலாம், டவர் எடுக்கும் இடத்தில் இறக்கிவைத்துக்கொண்டு வீட்டில் கேட்கலாம். வாரத்துக்கு ஒரு நாள், எல்லாருக்கும் ஒத்துவரும் ஒரு மணி நேரத்தில், சந்தேகத்துக்கு மட்டும் நேரலை. இது ஏதோ ஏழைக் கல்லூரிக்கான சமாளிப்பு அல்ல. 2020 ஜூனில் தொடங்கிய ஐஐடி மெட்ராஸின் இணையவழித் தரவு அறிவியல் படிப்பு இந்த அமைப்பில்தான் நடக்கிறது: பாடம் பதிவு செய்த வீடியோவில், சந்தேகம் நேரலையில், தேர்வு மையத்துக்கு வந்து நேரில். இணையத்தில் எல்லாம் செய்யத் தெரிந்த நிறுவனம் எதை நேரலையில் வைக்கவில்லை, எதை இணையத்திலேயே வைக்கவில்லை என்பதை மற்றவர்கள் கவனிக்கலாம். பாடத்தில் 40 சதவீதம் வரை இணையவழி நடத்தலாம் என்று பல்கலைக்கழக மானியக் குழு 2021 மே மாதம் வெளியிட்ட கருத்துரு சொல்கிறது. அந்த நாற்பதும் நேரலையாகத்தான் இருக்க வேண்டும் என்று அர்த்தமில்லை.

தேர்வைப் பற்றி ஒரு வரி போதும். கேமரா கண்காணிப்பில் அண்ணா பல்கலைக்கழகம் நடத்திய தேர்வுகளின் முடிவு மேல் எழுந்த புகார்களும், 2021இல் நடந்த மறுதேர்வும் இணையத்தில் தேர்வு நடத்தும் ஆசையை ஆற்றியிருக்க வேண்டும்.

கேமரா கட்டாயம் என்ற விதிக்கு வருவோம். “முகத்தைக் காட்டு” என்பது ஆசிரியருக்கு மரியாதைப் பிரச்சினை. மாணவிக்கு வீட்டைக் காட்டும் பிரச்சினை. அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தில் ஃப்ராங்க் காஸ்டெல்லியும் மார்க் சார்வரியும் தங்கள் மாணவர்களிடம் கேட்டு 2021இல் வெளியிட்ட கட்டுரையிலேயே, கேமராவை மூடுவதற்குச் சொல்லப்பட்ட முதன்மைக் காரணம் தோற்றம் பற்றிய கவலை. பின்னால் இருக்கும் ஆட்களும் இடமும் தெரிந்துவிடும் என்பதும் அந்தப் பட்டியலில் உண்டு. கார்னெலில் படிப்பவருக்கே அப்படி என்றால், ஒரே அறையில் சமைத்துத் தூங்கும் வீட்டுப் பெண்ணைக் கேட்கவே வேண்டாம். பதிவு செய்த வகுப்பில் மாணவிகளின் முகம் இருந்தால் அது யார் போனுக்கெல்லாம் போகும் என்று ஆசிரியரால் உத்தரவாதம் தர முடியாது. ஸ்க்ரீன்ஷாட் எடுத்து மீம் போட்டவர்கள் நம் வகுப்புகளிலும் இருந்தார்கள். 2023இல் வந்த மின்னிலக்கத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 18 வயது நிரம்பாதவரைக் குழந்தை என்றே கணக்கில் கொள்கிறது. நம் முதலாண்டு வகுப்பில் பெரும்பகுதி பதினேழு வயது. அவர்கள் முகமும் குரலும் எந்த நிறுவனத்தின் வழங்கியில், எத்தனை காலம், எதற்காக இருக்கும் என்று கல்லூரிக்குத் தெரிந்திருக்க வேண்டும். அதே ஆண்டு ஆகஸ்டில், பயனர் தரவைச் செயற்கை நுண்ணறிவுக்குப் பயன்படுத்தும் வகையில் ஜூம் விதிமுறை இருக்கிறது என்று பெரிய சலசலப்பு எழுந்து, ஒலி, ஒளி, சாட் எதையும் அப்படிப் பயன்படுத்த மாட்டோம் என்று அந்த நிறுவனம் திருத்தி எழுத வேண்டியிருந்தது. படிக்காமல் ‘சம்மதம்’ தட்டிய கல்லூரிகள் அதைக் கவனித்தனவா என்பது சந்தேகம்தான்.

கல்லூரி மாணவர்கள் 20 லட்சம் பேருக்கு இரண்டு ஆண்டுகளில் மடிக்கணினியோ கைக்கணினியோ தருவதாக 2025-26 தமிழ்நாட்டு நிதிநிலை அறிக்கை சொன்னது. நல்லது, கணக்கும் நிரலும் போனில் படிக்கிற கொடுமை குறையும். ஆனால் மடிக்கணினிக்கும் இணைப்பு அதே போனிலிருந்துதான் வரப்போகிறது. பெரிய திரையில் வீடியோ இன்னும் துல்லியமாகத் தெரியும், டேட்டாவும் அதற்கேற்பத் தீரும்.

ஆகவே, அடுத்த முறை ஒரு பல்கலைக்கழகமோ கல்லூரியோ கருவி வாங்கக் கூடும்போது, ஒப்பந்தப்புள்ளியில் விலைக்கு முன்னால் சில வரிகள் இருக்கட்டும். நொடிக்கு 100 கிலோபிட் இணைப்பில் குரலும் ஸ்லைடும் ஒரு மணி நேரம் அறுபடாமல் வர வேண்டும். மாணவர் கேமராவை ஆசிரியர் திறக்க வைக்க முடியாதபடி கல்லூரி பூட்டிவைக்க வசதி வேண்டும். பதிவுகளைச் சாதாரணக் கோப்பாக இறக்கிக்கொள்ளும் உரிமை, ஒப்பந்தம் முடிந்த பிறகும் ஆறு மாதம் இருக்க வேண்டும். டேட்டா தீர்ந்தவர் சாதாரண போன் அழைப்பில் சேரும் வழி இருந்தால் அதற்குக் கூடுதல் மதிப்பெண் தரலாம். பேச்சுக்குத்தான் நம் ரீசார்ஜில் வரம்பு கிடையாதே. சோதனை நடக்கும் இடம் முதல்வர் அறையாக இருக்கக் கூடாது. கொள்முதல் குழுவில் இரண்டு மாணவர்கள் உட்காரட்டும். அதில் ஒருவர், காவேரிப்பட்டணத்தில் பஸ் மாறி வருகிறவராக இருக்கட்டும்.